காசுக்குப் பூட்டு போடுற கார்டு

எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்திக்கிட்டு இருக்கு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய பேங்க்ல காசா போடக்கூடாதாம், ஒரு கார்டுல ஏத்திக் குடுக்கணுமாம், அந்தக் கார்ட மளிகைக் கடையிலயும் மெடிக்கல்லயும் மட்டும்தான் தேய்க்க முடியணுமாம், அப்பத்தான் புருசன்காரன் புடுங்கிட்டுப் போயி டாஸ்மாக்ல குடுக்க மாட்டானாம். கீழ வரிசையா கைதட்டல் எமோஜி. உசிலம்பட்டியில இருக்கற எங்க மாமா, அம்மா கூடப் பிறந்தவரு, நான் ரொம்ப மதிக்கிற மனுசன், "வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் பண்றாங்கம்மா, நம்ம ஆளுகதான் ஓட்டுக்காக காசா அள்ளி விடுறாக"ன்னு போட்டிருந்தாரு. மாமா சொன்னதுல பாதி உண்மை இருக்கு. ஆஸ்திரேலியாவுல பண்ணாங்க, இன்னும் பண்ணிக்கிட்டு இருக்காங்க. அது என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா மாமாவே அந்த மெசேஜ அனுப்பியிருக்க மாட்டாரு. குரூப்ல நாலு வரியில சொல்லி முடிக்கிற விசயம் இல்ல, அதனால இங்க எழுதுறேன்.

2007 ஜூன்ல ஆரம்பிக்குது கதை. ஆஸ்திரேலியாவோட வடக்குப் பகுதி, நார்தர்ன் டெரிட்டரின்னு சொல்றது, அங்க பூர்வகுடி ஊர்கள்ல சின்னப் புள்ளைகளுக்கு நடக்கற பாலியல் கொடுமை பத்தி ஒரு அறிக்கை வந்துச்சு. பாட் ஆண்டர்சன், ரெக்ஸ் வைல்டுன்னு ரெண்டு பேரு எழுதுனது, மொத்தம் 97 பரிந்துரை, அதுல முதல் பரிந்துரையிலயே எதைச் செஞ்சாலும் அந்த மக்களோட உண்மையா கலந்து பேசிச் செய்யுங்கன்னு இருக்கு. அப்ப பிரதமரா இருந்த ஜான் ஹோவர்டு என்ன செஞ்சாரு? யார்கிட்டயும் பேசாம எமர்ஜென்சின்னு அறிவிச்சாரு, ராணுவத்தக் கூட அனுப்புனாரு. 73 ஊர்கள குறிச்சு, அந்த ஊர்ல அரசு உதவித் தொகை வாங்குற எல்லாருக்கும், புள்ளைகள நல்லா வளக்குறவங்களோ இல்லையோ, குடிக்கிறவங்களோ குடியத் தொடாதவங்களோ, வயசான ஆத்தாவோ, எல்லாருக்கும் பாதிப் பணத்த அரசாங்கமே புடிச்சு வச்சுக்கும்னு சட்டம் போட்டாங்க. அந்தப் பாதிய சாப்பாடு, துணி, வாடகை, கரண்டு மாதிரி செலவுக்கு மட்டும்தான் எடுக்க முடியும். இதுக்காக அந்த நாட்டோட இனப்பாகுபாடு தடுப்புச் சட்டத்தையே, 1975ல வந்த சட்டம் அது, இந்த விசயத்துல செல்லாதுன்னு நிறுத்தி வச்சாங்க. எனக்கு இதைப் படிச்சப்ப நெஞ்சு கனத்துப் போச்சு. சட்டம் ஒரு இனத்துக்கு மட்டும் வேற மாதிரி நடக்கப்போகுதுன்னு போடும்போதே அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

இதுக்கு இன்கம் மேனேஜ்மென்ட்னு பேரு. 2008ல இருந்து பேசிக்ஸ் கார்டுன்னு ஒரு பச்சைக் கார்டு குடுத்தாங்க. அரசாங்கம் ஒத்துக்கிட்ட கடையில மட்டும் தேய்க்கலாம், காசா எடுக்க முடியாது, சாராயம், சிகரெட், சூதாட்டம், ஆபாசப் படம் இதெல்லாம் வாங்க முடியாது. கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கு, இல்ல? யாரு சாராயத்துக்குப் போயி வக்காலத்து வாங்குவா? ஆனா அன்னாடம் அத வச்சுப் பொழைக்கிறவங்க பக்கத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. பழைய சாமான் விக்கிறவருகிட்ட ஒரு கட்டிலோ சைக்கிளோ மலிவா வாங்கணும்னா காசு வேணும், கார்டு செல்லாது. சந்தையில காய் வாங்க காசு வேணும். புள்ளைக்கு ஸ்கூல்ல ஏதோ சின்ன செலவு, காசு வேணும். கடையில சாமானெல்லாம் எடுத்து பில் போட்டப்புறம் கார்டுல பேலன்ஸ் இல்லன்னு வந்தா, பின்னால ஊரே நிக்கும்போது ஒவ்வொன்னா எடுத்து வெளிய வைக்கணும். அதோட அந்த ஊர்கள்ல பெரும்பாலும் ஒரே ஒரு கடைதான் இருக்கும், அடுத்த டவுன் நூத்துக்கணக்கான கிலோமீட்டர், அந்த ஒத்தைக் கடையில டவுன விட விலை ஜாஸ்தி. கார்டு செல்லுற கடை எதுன்னு அரசாங்கம் சொல்லும், அந்தக் கடைக்காரரு விலையச் சொல்லுவாரு, வாங்குறவங்களுக்குச் சொல்றதுக்கு ஒன்னும் இல்ல.

இந்த இடத்துல எனக்கு எங்க ஊரு மொய் நோட்டுதான் ஞாபகம் வருது. உசிலம்பட்டிப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவா இருந்தாலும் செய்முறைதான் எல்லாம். நம்ம வீட்டுல அவுக 500 எழுதியிருந்தா நாம 1000 எழுதணும், எழுதலன்னா மூணு தலைமுறைக்குப் பேச்சு நிக்கும். பேங்க்ல லோன் கிடைக்காத குடும்பத்துக்கு அதுதான் லோன், அதுதான் இன்சூரன்ஸ். நூறு நாள் வேலைக்குப் போற ஒரு பொம்பளை, கையில இருக்கற காசுல அரிசி வாங்குனது போக மிச்சத்த அண்ணன் மகளுக்கு மொய் எழுதுறான்னா, அது வெட்டிச் செலவுன்னு ஆபீஸ்ல உக்காந்திருக்கற ஒருத்தரு சொல்லலாம், ஆனா அவளுக்கு நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா அந்த அண்ணன் வீடுதான் வாசல்ல வந்து நிக்கும். மளிகைக் கடையில மட்டும் செல்லுற கார்ட வச்சு எந்த மண்டபத்துல மொய் எழுத முடியும்? அந்தப் பூர்வகுடி மக்களும் சொந்தத்துக்குள்ள குடுத்து வாங்கித்தான் பொழைக்கிறவங்க. ஒருத்தர்கிட்ட இருந்தா கேக்குறது உரிமை, குடுக்குறது கடமைன்னு இருக்கற சமூகம். அதுல கஷ்டமும் இருக்கு, அத அப்புறம் சொல்றேன். ஆனா கையில காசே இல்லாமப் பண்ணிட்டா அந்தப் பிடிமானமும் போயிருது.

சரி, பலன் என்ன? 2010ல சட்டத்த மாத்துனாங்க, இனத்தப் பேரு சொல்லாம, டெரிட்டரி முழுக்க, ரொம்ப நாளா உதவித் தொகை வாங்குற யாரா இருந்தாலும்னு எழுதுனாங்க. எழுதுனது பொதுவாத்தான், ஆனா அங்க இன்கம் மேனேஜ்மென்ட்ல மாட்டினவங்கள்ல பத்துல ஒன்பது பேரு பூர்வகுடி மக்கள்தான். அதுல இருந்து விலக்கு வாங்கணும்னா நாம ஒழுங்கா இருக்கோம்னு பேப்பர் பேப்பரா காட்டணும், அத வாங்குனது பெரும்பாலும் மத்தவங்கதான். அரசாங்கமே ஏற்பாடு பண்ணி பல்கலைக்கழக ஆளுகள வச்சு பல வருசம் ஆய்வு பண்ணுனாங்க, 2014ல முடிவு வந்துச்சு. எந்த நோக்கத்துக்காக இதக் கொண்டு வந்தாங்களோ அதுல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் எதுவும் நடந்ததா ஆதாரம் இல்லன்னு எழுதியிருந்தாங்க. தன் கால்ல நிக்கப் பழக்குறதுக்குப் பதிலா நெறைய பேர இன்னும் அரசாங்கத்தையே நம்பி இருக்க வச்சிருச்சுன்னும் இருந்துச்சு. இன்னொரு ஆராய்ச்சி இன்னும் வருத்தம். 2007, 2008ல ஊரு ஊரா இது வந்த நேரத்துல வயித்துல இருந்த குழந்தைகளோட பிறப்பு எடையப் பாத்தாங்க. கூடல, குறைஞ்சிருந்துச்சு. ஸ்கூல் வருகையும் முதல் சில மாசம் குறைஞ்சு, அப்புறம் பழைய நெலமைக்குத்தான் திரும்புச்சு. புள்ளைகளக் காப்பாத்துறோம்னு சொல்லிக் கொண்டு வந்த சட்டம்ங்க இது.

எங்க அப்பத்தா சொல்லுவாங்க, அவுங்க அய்யா சின்ன வயசுல ராத்திரியானா பாயச் சுருட்டிக்கிட்டு ஊர்ச் சாவடிக்குப் போயிருவாராம். வீட்டுல படுக்கக் கூடாது. போலீஸ்காரன் வந்து பேரு கூப்புட்டா ஏன்னு கேக்கணும். வெளியூருக்கு ஒரு சாவுக்குப் போகணும்னாலும் ராதாரிச் சீட்டு, அதான் அனுமதிச் சீட்டு, வாங்கிட்டுத்தான் போகணும். ரேகைச் சட்டம்னு எங்க பக்கம் சொல்றது, குற்றப் பழங்குடிச் சட்டம். 1914ல கீழக்குயில்குடிக்கு வந்து அப்புறம் பிரமலைக் கள்ளர் நாடு முழுக்கப் பரவுச்சு. கைரேகை வைக்க மாட்டோம்னு எதுத்து நின்னதுக்குத்தான் 1920 ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூர்ல போலீஸ் சுட்டாங்க, 16 பேரு செத்தாங்க, அதுல தண்ணி குடுக்கப் போன மாயக்காளும் ஒருத்தங்க. எங்க வீட்டுப் புள்ளைகளுக்கு இன்னிக்கும் அந்த ஊரு நினைவுத்தூணக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவோம். களவு போனது உண்மையா இருக்கலாம், எவனோ ஒருத்தன் களவாண்டிருக்கலாம், ஆனா அதுக்காக பொறந்த புள்ளையில இருந்து எல்லாரும் குத்தவாளி, இல்லன்னா நீயே நிரூபிச்சு விலக்கு வாங்கிக்கன்னு ஒரு சனத்துக்கே சொல்றது எப்பேர்ப்பட்ட அவமானம். 1947ல அந்தச் சட்டம் போச்சு, அந்தக் காலத்துல எங்க சனத்தத் திருத்துறோம்னு ஆரம்பிச்ச பள்ளிக்கூடங்கள்ல கள்ளர் சீரமைப்புப் பள்ளின்னு போர்டு இன்னும் இருக்கு. மாமா படிச்சதே அப்படி ஒரு பள்ளிக்கூடத்துலதான். அதனாலதான் அவரு அந்த மெசேஜ அனுப்புனது எனக்கு ரொம்ப வெசனமாப் போச்சு. நாம அனுபவிச்சத நாமளே மறந்துட்டா வேற யாரு ஞாபகம் வச்சிருப்பா.

ஆஸ்திரேலியாவுலயும் இது புதுசு கிடையாது. குயின்ஸ்லாந்து மாநிலத்துல 1897ல ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, பூர்வகுடி ஆளுக வேலை செஞ்சு சம்பாதிச்ச சம்பளத்த, உதவித் தொகை இல்ல, ஒழைச்ச சம்பளம், அரசாங்கம் வாங்கி வச்சுக்கிட்டு கைச்செலவுக்குக் கொஞ்சம் குடுக்கும், உங்களுக்குக் காசு பாக்கத் தெரியாது, நாங்க பத்திரமா வச்சிருக்கோம்னு. நெறைய பேருக்கு அந்தப் பணம் திரும்பி வரவே இல்ல. பல வருசம் கழிச்சு கோர்ட்டுக்குப் போயி 2019ல 19 கோடி டாலர் குடுக்க அந்த மாநில அரசு ஒத்துக்கிச்சு. சம்பளத்தத் தொலைச்ச நெறைய பேரு அதப் பாக்க உயிரோட இல்ல. இப்படி ஒரு வரலாறு இருக்கற வீட்டுக்குள்ள போயி, திரும்பவும் உன் காச நான் பாத்துக்கறேன்னு சொன்னா அந்த வீட்டுக் கெழவிக்கு எப்படி இருக்கும்? நார்தர்ன் டெரிட்டரியில உட்டோபியாங்கற ஊர்ப் பக்கத்துல இருந்து ரோசலி குனாத்-மாங்ஸ்னு ஒரு அம்மா அந்த 2007 சட்டத்த கடைசி வரைக்கும் எதுத்துப் பேசிக்கிட்டே இருந்தாங்க. 2009ல ஐநா சபையில இருந்து ஜேம்ஸ் அனயான்னு ஒருத்தர் நேர்ல வந்து பாத்துட்டு, அந்தச் சட்டம் வெளிப்படையான பாகுபாடுன்னு சொன்னாரு.

இதோட நிறுத்திட்டா நான் நியாயமா எழுதல. அங்கயே இது வேணும்னு கேட்ட பொம்பளைங்க இருக்காங்க. தெற்கு ஆஸ்திரேலியாவோட பாலைவனப் பகுதி, ஏபிஒய் நிலங்கள்னு சொல்ற இடத்துல, என்பிஒய் பெண்கள் கவுன்சில்னு பூர்வகுடிப் பெண்களே நடத்துற அமைப்பு இத ஆதரிச்சுச்சு, 2012ல அங்க வந்துச்சு. காரணம் நான் முன்னாடி சொன்ன அதே சொந்தபந்தம்தான். காசு வந்த அன்னிக்கே மச்சான், தம்பி, மகன்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்டு நச்சரிச்சு, குடுக்கலன்னா சண்டை, அடி, கடைசியில புள்ளைக்குப் பால் வாங்கக் காசில்ல. கார்டுல இருந்தா "என்கிட்ட காசா இல்லப்பா, அரசாங்கம் புடிச்சு வச்சிருக்கு"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இந்தக் கஷ்டத்த நான் புத்தகத்துல படிக்கத் தேவையில்ல. நான் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுறவ. 15ந் தேதி ஆனா குழுவுல ஒரு அக்கா நேரா என்கிட்ட வந்து, "ஏத்தா, இந்த ஐநூற நோட்டுல ஏத்தி வச்சிரு, வீட்டுல கேட்டா குழுவுக்குக் கட்டிட்டேன்னு சொல்லிக்கிறேன்"னு குடுத்துட்டுப் போவாங்க. அவுங்களுக்கு ஒரு பூட்டு வேணும்தான். ஆனா அந்தப் பூட்ட அவுங்களே கேட்டு வாங்குறாங்க, வேணும்ங்கற அன்னிக்கு அவுங்களே தொறந்துக்குவாங்க, மகளுக்கு பீஸ் கட்டணும்னா மறுநாளே எடுத்துக் குடுத்துருவேன், எதுக்குன்னு கேக்கக்கூட மாட்டேன்.

மதுரைக்காரங்களுக்கு இத யாரும் சொல்லித் தரணுமா என்ன. அழகர் கோவில் பக்கம் புல்லுச்சேரிச் சின்னப்பிள்ளை அம்மா, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி, களஞ்சியம்னு பெண்கள் சேமிப்புக் குழுக்கள ஊரு ஊராப் போயி கட்டுனவங்க. டெல்லியில விருது குடுக்கும்போது வாஜ்பாய் அவுங்க கால்ல விழுந்து கும்பிட்டாரு, 2019ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்தக் குழுவுல காச யாருக்குக் குடுக்கறது, எம்புட்டு வட்டி, யாரு கட்டல, கட்டாதவ வீட்டுல என்ன பிரச்சனை, எல்லாத்தையும் பொம்பளைங்களே வட்டமா உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணுவாங்க. கந்துவட்டிக்காரங்கிட்ட இருந்து குடும்பங்கள மீட்டது அந்த வட்டம்தான், எந்தக் கார்டும் இல்ல.

ஆஸ்திரேலியாவுலயே இதுக்குக் கொஞ்சம் கிட்ட வர்ற மாதிரி ஒன்னு இருக்கு. கேப் யார்க்னு வடகிழக்கு மூலையில, 2008ல இருந்து, குடும்பப் பொறுப்பு ஆணையம்னு ஒன்னு. ஆரகூன், ஹோப் வேல் மாதிரி ஊர்கள்ல, அந்தந்த ஊர்ப் பெரியவங்களே கமிஷனரா உக்காந்து, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாதவங்க, கோர்ட்ல தண்டனை ஆனவங்க, இந்த மாதிரி ஆளுகள மட்டும் கூப்புட்டுப் பேசுவாங்க. பேச்சுலயே சரியாகலாம், கவுன்சிலிங் அனுப்பலாம், கடைசியாத்தான் பணத்தப் புடிக்கிறது, அதுவும் கொஞ்ச காலத்துக்கு. அங்கயும் குறை சொல்றவங்க இருக்காங்க, ஆனா ஊரு மொத்தத்துக்கும் ஒரே கயிறக் கட்டி இழுக்கிறதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்.

குடிக்கு வர்றேன். காசு குடுத்தா குடிச்சிருவாங்கன்னு எல்லாரும் ரொம்ப உறுதியாச் சொல்றோம், அது உண்மையான்னு உலகம் முழுக்கப் பாத்திருக்காங்க. உலக வங்கி ஆய்வாளர்கள் 2014ல பல நாட்டு ஆய்வுகள ஒண்ணு சேத்துப் பாத்தாங்க, காசா குடுத்ததால சாராயம், சிகரெட் செலவு கூடுனதா தெரியல, பெரும்பாலும் அப்படியேதான் இருந்துச்சு, சில எடத்துல குறைஞ்சிருக்கு. நம்ம நாட்டுலயே 2011ல மத்தியப் பிரதேச கிராமங்கள்ல சேவாங்கற பெண் தொழிலாளர் அமைப்பு ஆளுக்கு மாசம் 200 ரூபா, புள்ளைக்கு 100 ரூபான்னு எந்த நிபந்தனையும் இல்லாம குடுத்துப் பாத்தாங்க, அப்புறம் அத 300, 150 ஆக்குனாங்க. குடி கூடல, சாப்பாடு நல்லாச்சு, புள்ளைக ஸ்கூலுக்குப் போனது கூடுச்சு, கடன் குறைஞ்சுச்சு. குடிக்கிறவன் ஆயிரம் ரூபா வர்றதுக்கு முன்னாடியும் குடிச்சான், இனியும் குடிப்பான், அவனுக்கு வேண்டியது குடியில இருந்து மீட்கிற ஆஸ்பத்திரி. 2003ல இருந்து தமிழ்நாட்டுல சில்லறைக் கடை போட்டு விக்கிறதே அரசாங்கம்தான். கடைய எத்தன மணிக்குத் தொறக்கணும், பஸ் ஸ்டாண்டுக்கு எம்புட்டு தூரத்துல இருக்கணும், எல்லாம் அவுங்க கையிலதான் இருக்கு. அங்க ஒன்னும் செய்யாம பொண்டாட்டியோட கார்டுல கை வைக்கச் சொல்றது என்ன நியாயம்னு மாமாகிட்டயே கேட்டேன். "அதுவும் சரித்தான்"னாரு. ஆனா மெசேஜ அழிக்கல.

நம்ம ஊருல வேற ஒன்னும் நடந்துச்சு, மறந்துட்டோம். 2023 செப்டம்பர் 15ந் தேதி உரிமைத் தொகை ஆரம்பிச்சப்ப, ஒரு கோடிக்கு மேல பெண்களுக்குப் போச்சு, சில பேங்க்ல பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கின்னு சொல்லி அந்த ஆயிரத்துல கழிச்சுக்கிட்டாங்க. எங்க குழுவுலயும் அப்படி வெறுங்கையோட திரும்பி வந்தவங்க உண்டு. அப்புறம் மாநில நிதியமைச்சரே அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. ஏழைக்கு வர்ற காசுக்கும் அவ கைக்கும் நடுவுல எவன் வேணா நிக்கலாம்ங்கற எண்ணம் எம்புட்டு சுலபமா வருது பாருங்க.

இன்னொன்னு, இந்த மாதிரி கார்டு ஒருதடவ வந்தா லேசுல போகாது. ஆஸ்திரேலியாவுல 2014ல ஆண்ட்ரூ ஃபாரஸ்ட்னு ஒரு சுரங்க முதலாளி அரசாங்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு, அதுல இருந்து கேஷ்லெஸ் டெபிட் கார்டு வந்துச்சு, இந்தத் தடவ பாதி இல்ல, 80 சதவீதம் பூட்டு. 2016ல செடுனா, அப்புறம் ஈஸ்ட் கிம்பர்லி, 2018ல கோல்டுஃபீல்ட்ஸ், 2019ல பண்டபெர்க் பக்கம், எல்லாம் ட்ரையல்னு சொல்லித்தான். 2018ல அவுங்க நாட்டு ஆடிட் ஆபீஸே சொல்லிருச்சு, சமூகத்துல நடக்கற கேடு குறைஞ்சுச்சான்னு முடிவு பண்ற அளவுக்கு உங்ககிட்ட ஒழுங்கான கணக்கே இல்லன்னு. கணக்கு எழுதுறவளுக்கு இது எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க, கணக்கே இல்லாம நாலு ஊருக்கு நீட்டியிருக்காங்க. 2020ல நிரந்தரமாக்க மசோதா கொண்டு வந்தாங்க, செனட்ல ஓட்டு பத்தாம ரெண்டு வருச நீட்டிப்பா முடிஞ்சுச்சு. 2022ல ஆட்சி மாறி அந்தக் கார்ட ஒழிச்சாங்க, செடுனாவுலயும் மத்த எடத்துலயும் இருந்தவங்க வெளிய வர முடிஞ்சுச்சு. ஆனா நார்தர்ன் டெரிட்டரியில 2023 மார்ச்ல ஸ்மார்ட்கார்டுன்னு புதுசா ஒன்னு குடுத்தாங்க, ஆன்லைன்ல வாங்கலாம், டப்புன்னு தட்டுனா போதும், எல்லாம் வசதியாத்தான் இருக்கு, கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கு. எமர்ஜென்சின்னு வந்தது 2007ல. அன்னிக்குப் பொறந்த புள்ளைக்கு இப்ப ஓட்டுப் போடுற வயசு, உதவித் தொகை கொஞ்ச மாசம் வாங்குனா அதுக்கும் அந்தக் கார்டு வரலாம்.

மாமா மாதிரி நல்ல மனசோட கேக்குறவங்களுக்கு நான் கேக்குறது இதுதான். உங்களுக்கு ஒரு வீட்டுல பொம்பளை கையில காசு தங்கலன்னு தெரிஞ்சா, அந்தப் பொம்பளைகிட்ட போயி என்ன வேணும்னு கேளுங்க. அவுங்க பேருல மட்டும் போஸ்ட் ஆபீஸ்ல ஒரு ஆர்டி, மாசாமாசம் கட்டுற சேமிப்பு, போட்டுத் தரலாம், மாசம் 100 ரூபா இருந்தாலே போதும். ஏடிஎம் கார்ட மகன்கிட்ட குடுத்துட்டு நிக்கிறவங்களுக்கு பேங்க்ல போயி அத பிளாக் பண்ணிட்டு பாஸ்புக்க வச்சு எடுக்கச் சொல்லித் தரலாம். பக்கத்துல குழு இருந்தா சேத்து விடலாம். எங்க குழுவுல சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம், மந்தையில வேப்பமரத்துக்குக் கீழதான் உக்காந்திருப்போம், உசிலம்பட்டிப் பக்கம் யாருக்காவது கூட்டிட்டு வரணும்னா கமெண்ட்ல சொல்லுங்க.